மனமில்லாமல் கொடுத்த இடம்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் போதகர் வீப்கே லோமன் அம்மையார் அவர்களே, சபை மன்றத் தலைவர் ரைன்ஹோல்ட் ஷெங்க் அவர்களே, ஊர்த் தலைவர் புர்க்கார்ட் சின் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னலோரே டீட்சல் அம்மா அவர்களே, ஹாம்பர்கிலிருந்து வந்திருக்கும் அவருடைய மகள் ஃப்ரீடருன் அவர்களே! அடுத்த வரிசையில் இருக்கும் சபை மன்ற உறுப்பினர்களே! ஆறு பேரும் வந்திருக்கிறீர்கள், ஒருவரும் குறையவில்லை. அதை நன்றியோடு குறித்துக்கொண்டேன். இடப்பக்கம் ஊதுகுழல் குழுவினரே, வலப்பக்கம் சீருடையோடு வந்திருக்கும் தீயணைப்புத் தொண்டர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஆசிரியரின் பழைய மாணவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று காபியும் கேக்கும் ஏற்பாடு செய்த பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளே! கதவருகே அமர்ந்திருக்கும் யானிக், மெர்லே தம்பதியரே! ஆசிரியரின் வீட்டை வாங்கியவர்கள் நீங்கள். வரலாமா, வரக் கூடாதா என்று தயங்கியதாகக் கேள்விப்பட்டேன். வந்ததற்கு நன்றி. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ரோஸ்விதா கப்பெஸ். எல்மன்ராடு ஊர் வரலாற்றுச் சங்கத்தின் கணக்கை வைத்திருப்பவள். யார் யார் வந்தார்கள் என்று சொல்லாமல் ஒரு கூட்டத்தைத் தொடங்க எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மேடையில் பேசிப் பழக்கமும் இல்லை. ஆனால் அன்னலோரே அம்மா என் கையைப் பிடித்து, "நீ பேசு ரோஸ்விதா, மத்தவங்க பேசினா என் வீட்டுக்காரரை வெங்கலச் சிலை ஆக்கிருவாங்க" என்றார். ஆகவே நிற்கிறேன். ஆண்டவர் என் நாவுக்குத் துணை நிற்பாராக.

அன்பானவர்களே! ஆசிரியர் ஃபோல்க்மார் டீட்சல் நம்மை விட்டுப் போய்விட்டார். நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் போய்விட்டார். நம் ஊருக்கு அதன் கதையைச் சொல்லிக்கொடுத்தவர் போய்விட்டார். நம்மில் பலரைவிட நம் வீட்டுப் பெரியவர்களை நன்றாக அறிந்தவர் போய்விட்டார். சென்ற வாரம் அவரை மண்ணில் வைத்தோம். இன்று என்ன செய்யப் போகிறோம்? கேக் சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகப் போகிறோமா?

அவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் அவருடைய பெரிய தவறைப் பற்றித்தான் பேச வேண்டும். ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரியாத இளையவர்களும் இருக்கிறார்களே.

நம் ஊருக்கு எழுநூறு வயது ஆகப்போகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் டீட்சல். ஒரு பழைய மடத்தின் ஆவணத்தில் எல்மன்ராடு என்ற பெயர் முதன்முதலாக வருகிறது என்றார். ஊரே பற்றிக்கொண்டது. கூடாரம் வந்தது, பீர் வந்தது, சீருடைக்குப் புதுப் பித்தான்கள் வந்தன, மாவட்டத்திலிருந்து பெரிய மனிதர்களுக்கு அழைப்பும் போய்விட்டது. விழாவுக்கு முந்திய வாரம் அவர் அதே ஆவணத்தை மறுபடி படித்தார். அதில் சொல்லியிருக்கும் எல்மன்ராடு நாம் இல்லை! இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி, இன்று நாலு வீடும் ஒரு ஆலையும் இருக்கிறதே, அந்த இடம்! நமக்கு எழுநூறு ஆக இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் பாக்கி இருந்தன.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? விழா முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். யாருக்குத் தெரியப்போகிறது? அவர் நேராக அன்றைய ஊர்த் தலைவர் வீகண்ட் வீட்டுக்குப் போனார். வீகண்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, பீரு வந்தாச்சு, கூடாரம் போட்டாச்சு. இனிமே ஊர் எப்ப பொறந்தா என்னய்யா?"

"ஊர் எப்ப பொறந்துச்சோ அப்பத்தான் பொறந்துச்சுங்க. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். நானே சொல்லிடறேன்."

கூடாரத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, அவர் எழுந்து சொன்னார். "அன்பான ஊராரே, நமக்கு இன்னும் எழுநூறு வயசு ஆகல. தப்பு என்னோடது. வேற யாரையும் திட்டாதீங்க." பின்னாலிருந்து கசாப்புக்கடை ஓட்மார் கத்தினார்: "அப்ப இந்தப் பன்னியை என்ன பண்றது வாத்தியாரே, எழுப்பி வீட்டுக்கு அனுப்பவா?" கூடாரம் சிரிப்பில் ஆடியது. மூன்று நாள் கொண்டாடினோம். பத்தொன்பது ஆண்டு கழித்து, சரியான ஆண்டில், மறுபடியும் மூன்று நாள் கொண்டாடினோம். எழுநூறு வயதை இரண்டு முறை எட்டிய ஊர் இந்த நாட்டில் வேறு உண்டா?

ஏன் இதை முதலில் சொல்கிறேன்? தன் தவறை இத்தனை பேர் முன்னால் சொன்ன மனிதர், பிறகு நம் தவறு ஒன்றைச் சொன்னபோது, நாம் அவரை நம்ப வேண்டியிருந்தது. அந்தத் தவறு மில் பாதை.

நாம் ஒழுங்கான மக்கள். நம் கல்லறைத் தோட்டத்தில் ஒருவருக்கு இருபத்தைந்து ஆண்டு இடம். அது முடிந்தால் வீட்டுக்குக் கடிதம் வரும். நீட்டிக்க முடிந்த கல்லறை என்றால் பணம் கட்டி நீட்டிக்கலாம். இறந்த வரிசைப்படி கொடுக்கும் மலிவான வரிசைக் கல்லறை என்றால் அதுவும் இல்லை. கல்லைப் பெயர்ப்பார்கள், மண்ணைச் சமன்செய்து புல் விதைப்பார்கள். இது எல்லாருக்கும் தெரியும்; நம் எல்லார் வீட்டுக்கும் அந்தக் கடிதம் வந்திருக்கிறது. பெயர்த்த கல் எங்கே போனது? அதை நாம் கேட்டதில்லை. டீட்சலும் கேட்டதில்லை, அந்த மழைநாள் வரை.

அன்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மில் பாதையில் கூட்டிக்கொண்டு போனார். ஊரின் வயல்களுக்கு என்னென்ன பெயர் என்று காட்டுவதற்காக. மழையில் ஜல்லி கழுவிக் கிடந்தது. ஒரு சிறுமி குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். அவள் இதோ சுவரோரம் நிற்கிறாள், இன்று அவளும் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். "சார், இந்தக் கல்லுல எழுத்து இருக்கு" என்றாள். மற்றப் பிள்ளைகளும் தேடினார்கள். ஒரு துண்டில் பாதிப் பெயர். ஒரு துண்டில் "பிறந்த" என்ற சொல். ஒரு துண்டில் ஒரு தேவதையின் சிறகு. பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஆசிரியர் மட்டும் ஒவ்வொரு துண்டையும் வாங்கித் துடைத்துப் படித்தார்.

நாம் நம் பெரியவர்களை உடைத்துப் பாதை போட்டிருந்தோம், அன்பானவர்களே! கெட்ட எண்ணத்தில் அல்ல. கல் சும்மா கிடக்கிறதே, வீணாகக் கூடாதே என்று. அறுவடை வண்டிகள் அவர்கள் பெயர்மேல்தான் ஓடின.

மறுநாள் அவர் கல்லறைக் காவலரிடம் போய், "இனிமே எடுக்கிற கல்லையெல்லாம் எனக்குக் கொடுங்க" என்றார். "எதுக்கு வாத்தியாரே? தோட்டத்துல சுவர் கட்டப் போறீங்களா?" "இல்லங்க. நிக்க வைக்கப் போறேன்."

அன்றிலிருந்து அவருடைய பழத்தோட்டத்தில் பிளம் மரங்களுக்கு நடுவே கற்கள் நிற்கத் தொடங்கின. இன்று நூற்றுக்கும் மேல். நாம் சும்மா இருந்தோமா? டீட்சல் தோட்டத்தில் பழத்தைவிடப் பிணம் அதிகம் என்றோம். அன்னலோரே அம்மா அந்தக் கற்களுக்கு நடுவேதான் துணி காயப்போட்டார், ஐம்பது ஆண்டு. ஒருநாள் நான் கேட்டேன், "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று. அவர் சொன்னது: "கல்யாணம் ஆகி வந்தப்ப, இந்த ஊர்ல இவருக்குச் சொந்தக்காரங்களே இல்ல, தப்பிச்சேன்னு நெனச்சேன். இப்பப் பாரு, ஜன்னலைத் திறந்தா ஊர்க்காரங்க பூரா நிக்கிறாங்க. ஆனா ஒண்ணு, யாரும் காபி கேக்கறதில்ல."

அன்னலோரே அம்மா, நீங்கள் சிரிப்பதைப் பார்க்கிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஒவ்வொரு வசந்தத்திலும், உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்ததும், கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் வந்து ஒவ்வொரு கல்லையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார் அல்லவா? யார்மேலும் விழுந்துவிடக் கூடாதே என்று. டீட்சல் தன் தோட்டத்திலும் அதையே செய்தார். கையுறை மாட்டிக்கொண்டு வரிசையாகப் போய் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டுவார். அசைந்தால் அடியில் மண் அடைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். "நல்லா இருக்கீங்களா ஷெங்க் ஐயா? மில்காரம்மா, கொஞ்சம் சாயறீங்களே?" தலைவர் ரைன்ஹோல்ட் அவர்களே, உங்கள் பாட்டனாரைத்தான் சொல்கிறேன். அவர் மேற்கு வேலிப் பக்கம் நிற்கிறார். நன்றாக இருக்கிறார்.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. நம் ஊரின் கதையை எழுதியவர் நம் ஊரில் பிறக்கவில்லை. உலகப் போர் முடிந்த மறு குளிர்காலத்தில், எல்லை மாறியதால் கிழக்கே சைலீசியாவிலிருந்து துரத்தப்பட்டு, எட்டு வயதுப் பையனாகத் தாயோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். அவர்களைத் தங்கவைக்கும்படி உத்தரவு வந்தது என் மாமனார் கொன்ராட் கப்பெஸ் வீட்டுக்கு. மாமனார் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் தானே சொல்வார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"ஒரு பொம்பளை, ஒரு பொடியன், ஒரு மூட்டை, ஒரு தையல் மிஷினு. நான் சொன்னேன், இங்க மாட்டுக்கே இடம் பத்தல, உங்களை எங்க வைக்க? அதுக்கு அந்தம்மா சொல்லுது, 'அப்ப மாட்டுக்குப் பக்கத்துலயே கொடுங்க. சூடா இருக்கும்.' திமிரைப் பாத்தியா?"

கடைசியில் துணி துவைக்கும் கட்டுக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்தார். அடுப்பு இல்லாத அறை. மாமனார் நல்லவரா, கெட்டவரா என்று நான் சொல்லமாட்டேன். அது ஆண்டவர் பார்க்கும் கணக்கு. கொடுத்தார்; ஆனால் மனமில்லாமல் கொடுத்தார். அந்தப் பையன் படித்து, ஆசிரியராகி, அதே ஊர்ப் பள்ளிக்கு வந்த பிறகும் மாமனார் வேலியோரம் நின்று கூப்பிடுவார். நானே கேட்டிருக்கிறேன்.

"டேய் அகதி! எங்க ஊர்க் கதையை எழுதறியாமே? உன் ஊர்க் கதையைப் போய் எழுதேன்!"

"என் ஊர்ல இப்ப அதைக் கேக்க ஆள் இல்லீங்க, கப்பெஸ் ஐயா. இங்க நீங்க இருக்கீங்களே, திட்டறதுக்காவது."

பின்னாளில் எல்லை திறந்ததும் பேருந்து ஏறித் தான் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். தந்தையின் கல்லறை இருந்த இடத்தைத் தேடிப் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஆவலாகக் கேட்டோம். "புல் நல்லா வளந்திருக்கு" என்றார். அடுத்த நாள் தோட்டத்தில் நாள் முழுக்கக் கல் நட்டுக்கொண்டிருந்தார்.

மாமனார் இறந்து இருபத்தைந்து ஆண்டு ஆனதும் எங்களுக்கும் கடிதம் வந்தது. என் கணவர் ஹைனர் அதை மடித்து வைத்துவிட்டு, "அப்பா எதையும் நீட்டிக்கிற ஆள் இல்ல. போதும்" என்றார். கல்லை எடுத்துவிட்டார்கள். அந்தக் கோடையில் நான் பிளம் பழம் வாங்க டீட்சல் வீட்டுக்குப் போனேன். துணிக்கொடிக்கு அருகே, வெயில் படும் நல்ல இடத்தில், கழுவித் துடைத்த கறுப்புக் கல். கொன்ராட் கப்பெஸ். பக்கத்திலேயே ஒரு சின்னச் சாம்பல் நிறக் கல். ஆசிரியருடைய தாயாரின் கல். அவருடையது வரிசைக் கல்லறை. நீட்டிக்க முடியாது என்று முன்பே எடுத்திருந்தார்கள்.

அன்னலோரே அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா ரோஸ்விதா? மாமியார் மாட்டுக்குப் பக்கத்துல இடம் கேட்டாங்க. மாட்டுக்காரருக்குப் பக்கத்துலயே கிடைச்சிருச்சு."

நான் ஆசிரியரிடம் கேட்டேன், "இவரை ஏங்க? இவர் உங்களை அகதின்னே கூப்பிட்டாரே, சாகற வரைக்கும்."

அவர் பழத்தைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அவரு குடுத்த அறையிலதாம்மா நான் படிச்சேன். குளிருச்சு, ஆனா கூரை இருந்துச்சு. மனசில்லாமத்தான் குடுத்தாரு. ஆனா குடுத்தாரு இல்ல? நானும் அவருக்குக் கொஞ்சம் இடம் குடுக்கறேன்."

"நீங்களும் மனசில்லாமயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா," என்றார். "முதல் வருஷம் மனசில்லாமத்தான். ஒவ்வொரு வசந்தத்துக்கும் பிடிச்சு ஆட்டிப் பாக்கறேன்ல, இப்பக் கொஞ்சம் பழகிருச்சு."

அன்பானவர்களே! நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். போதகர் அம்மா, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்: மன்னிப்பைப் பற்றி அந்தப் பிளம் மரத்தடியில் கேட்டதைப்போல நான் எங்கும் கேட்டதில்லை. மனம் முழுதும் வந்த பிறகுதான் கொடுப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை. முதலில் இடத்தைக் கொடுத்தார். மனம் பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

இனி, எதற்காக நின்றேனோ அதைச் சொல்கிறேன்.

அன்னலோரே அம்மா மாவட்டத் தலைநகரில் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். மாடிப்படி ஏற அவரால் முடியவில்லை. மகள் எடுத்தது சரியான முடிவு. வீடு யானிக், மெர்லே கைக்கு டிசம்பர் முதல் தேதி போகிறது. அவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. தோட்டத்தில் ஊஞ்சல் போட இடம் கேட்பது நியாயம்தானே? அதற்குள் கற்கள் போயாக வேண்டும். எங்கே போகும்? குவாரியில் கல் உடைக்கும் இயந்திரம் இருக்கிறது. வேறு இடம் இல்லாவிட்டால் அங்கேதான். மறுபடியும் ஒரு மில் பாதை!

ஆசிரியர் இதை முன்பே யோசித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சபை மன்றத்திடம் கேட்டார். கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரோரம் ஈரம் என்று யாரையும் புதைப்பதில்லை. அந்த வெறும் புல்தரையில் இந்தக் கற்களைச் சுவரோடு சாய்த்து நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். பரிசீலிக்கிறோம் என்றீர்கள். மறுபடி கேட்டார். பரிசீலிக்கிறோம் என்றீர்கள். மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது, மூச்சு வாங்க, முதலில் கேட்டது இதைத்தான்: "பதில் வந்துச்சா, ரோஸ்விதா?" வரவில்லை என்றேன். "சரி. அவங்களுக்கும் வேலை இருக்கும்" என்றார். பதில் வராமலே போய்விட்டார்.

நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். கல் விழுந்து யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு என்கிறீர்கள். ஐம்பது ஆண்டில் அந்தத் தோட்டத்தில் ஒரு கல்லும் விழவில்லை. இனி வசந்தந்தோறும் ஆட்டிப் பார்க்கும் வேலையைச் சங்கம் செய்யும். ஒருவருக்கு விதி தளர்த்தினால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறீர்கள். கேட்கட்டுமே! கேட்பதற்கு இன்னும் ஆள் இருக்கிறது என்றால் சபைக்கு அது நல்லதுதானே? ஆண்டவருக்கு எல்லார் பெயரும் தெரியும், கல் எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டார். உண்மை. ஆண்டவருக்குக் கல் வேண்டாம். அவர் மறப்பதில்லை. மறக்கிறவர்கள் நாம். கல் நமக்காக.

ஃபோல்க்மார் டீட்சல் அவர்களே! உங்களுக்கும் இருபத்தைந்து ஆண்டுதான் இடம் கொடுத்திருக்கிறோம். அது முடியும்போது நான் இருக்கமாட்டேன். ஆனால் இந்த மண்டபத்தில் சுவரோரம் நிற்பவர்களில் சிலர் இருப்பார்கள். உங்கள் கல் பாதைக்குப் போகாது என்று அவர்கள் சார்பில் சொல்கிறேன். நீங்கள் பாதியில் விட்ட வயல் பெயர்களைச் சங்கம் எழுதி முடிக்கும். உங்கள் கையுறை என்னிடம் இருக்கிறது. அன்னலோரே அம்மா கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் அதை மாட்டிக்கொண்டு நான் முதல் கல்லை ஆட்டிப் பார்ப்பேன். என் கை ஓய்ந்தால் இன்னொரு கை. இது எங்கள் வாக்கு.

கற்களைத் தூக்கி வரத் தீயணைப்புத் தொண்டர்கள் சம்மதித்துவிட்டார்கள். சுவரோரம் அடித்தளம் போடும் செலவு சங்கத்துடையது. பணம் கையில் இருக்கிறது. சபைக்கு ஒரு வேலையும் இல்லை, ஒரு சொல்லைத் தவிர.

மன்றத் தலைவர் அவர்களே, உறுப்பினர்களே! நவம்பர் கடைசியில் இறந்தோர் ஞாயிறு வருகிறது. அன்று ஆராதனையில் இந்த ஆண்டு மறைந்தவர்கள் பெயரை வாசிப்போம். டீட்சலின் பெயரும் வரும். அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். முழு மனதோடு கொடுத்தால் மகிழ்ச்சி. மனமில்லாமல் கொடுத்தாலும் பரவாயில்லை, என் மாமனார் கொடுத்ததுபோல. இடம் இல்லை என்பதுதான் முடிவு என்றால் அதையும் சொல்லுங்கள். தரை உறைவதற்குள் வேறு இடம் தேட வேண்டும். மன்றம் முழுவதும் இன்று இங்கேதான் இருக்கிறீர்கள். பக்கத்து அறை திறந்திருக்கிறது, காபியும் சூடாக இருக்கிறது.

ஆமா, இல்லையா, எதுவானாலும் தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.